கலைச்சொல்: விடுபட்ட விலையை நிரப்புவதற்குத் தமிழில் என்ன?

வணக்கம். அடிப்படை உணவுப் பொருள்களின் விலைக் குறியீட்டெண் தயாரிப்பது பற்றிய கையேட்டில் 'இம்ப்யூட்டேஷன்' என்பதற்கு ஒரு சொல் தேவைப்படுகிறது. விலை எடுக்கப் போகும் நாளில் கடை பூட்டியிருக்கும், சரக்கு தீர்ந்திருக்கும், அல்லது பருவமே முடிந்திருக்கும். அப்போது மற்ற கடைகளின் விலைப்போக்கை வைத்து அந்தக் கட்டத்தில் ஒரு விலையைப் போடுகிறோமே, அதற்குத்தான். தற்போதைக்கு 'உத்தேச விலை' என்று போட்டிருக்கிறேன். 'ஈட்டுவிலை' என்றும் ஒருவர் சொன்னார்.

* * *

ஐயா, 'உத்தேசம்' வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண் என்று படிப்பவர் நினைத்துவிடுவார். இதில் ஊகத்துக்கு வேலையே இல்லை, கணக்குதான்.

ஒரே தானியம், நான்கு கடைகள் என்று வையுங்கள். முதல் மாத விலை 40, 50, 60, 48. அடுத்த மாதம் முதல் மூன்று கடைகளில் 42, 54, 66. நான்காவதில் சரக்கு இல்லை. மூன்றின் விலை விகிதங்கள் 1.05, 1.08, 1.10. இவற்றின் பெருக்குச் சராசரி (மூன்றையும் பெருக்கி எடுத்த முப்படி மூலம்) 1.0765. அதை 48ஆல் பெருக்கினால் 51.67. இதுதான் நான்காவது கடைக்கு நாம் போடும் விலை. அந்த மாத ஏற்றம் 7.6 சதவீதம்.

விரிதாளில் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டால் என்ன ஆகும்? சாதாரணக் கூட்டுச் சராசரி முதல் மாதம் நான்கு கடைகளுக்கு 49.5, அடுத்த மாதம் மூன்று கடைகளுக்கு 54. ஏற்றம் 9.1 சதவீதம் என்று வந்து நிற்கும். விலை குறைவான ஒரு கடை பட்டியலிலிருந்து விழுந்ததும் சேர்ந்து விலையேற்றமாகிவிட்டது. இந்தப் பிழைதான் அதிகம் நடக்கிறது.

பழைய 48ஐயே மறுபடி போடுவது இன்னொரு வழக்கம். நான்காவதன் விகிதம் 1 ஆகிவிடுவதால், நான்கின் பெருக்குச் சராசரிப்படி ஏற்றம் 5.7 சதவீதமாகக் குறையும். மூன்றாம் மாதம் அந்தக் கடையில் சரக்கு 52க்கு வருகிறது, மற்ற மூன்றில் விலை அசையவில்லை என்றால், அந்த மாதம் மட்டும் 2 சதவீத ஏற்றம் தோன்றும். உண்மையில் அந்த மாதம் ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. 51.67 போட்டிருந்தால் 0.2தான் வந்திருக்கும். பொருள் திரும்பி வந்தால் இரண்டு வழியும் கடைசியில் ஒரே மட்டத்தில் வந்து சேரும்; பிழை மாதம் மாறியதோடு போகும். ஆனால் பொருள் வராமலே போய், வேறொன்றை அதன் இடத்தில் இணைத்தால், பழைய விலையையே போட்ட வழியில் இடையில் ஏறிய விலை குறியீட்டெண்ணுக்குள் வரவே வராது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

* * *

இரண்டு சொல் என்பதை ஏற்கிறேன். 'ஈட்டுவிலை' எனக்கு ஒட்டவில்லை. ஈடு என்றதும் அடமானம் நினைவுக்கு வருகிறது. 'ஈட்டிய வருமானம்' பக்கத்திலேயே வந்தால் குழப்பம்தான். 'கணிப்பு விலை' வருங்கால விலையைச் சொல்வதற்குப் போய்விட்டது. 'பதிலீடு' ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றைச் சேர்ப்பதற்கு வேண்டும், தொடாதீர்கள்.

என் பரிந்துரை 'இட்டுநிரப்பல்'. வந்த எண் 'நிரப்புவிலை'. பழைய விலையையே போடுவதற்கு 'பழவிலை நீட்டல்'.

* * *

இட்டுநிரப்பல் என்றால் இட்டுக்கட்டல் என்று கேலி செய்யமாட்டார்களா? விலைவாசிக் கணக்கின்மேல் ஏற்கெனவே நம்பிக்கை குறைவு.

* * *

செய்வார்கள். அதற்கு மருந்து சொல்லில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. நிரப்புவிலை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி இருக்கட்டும்: எடுத்த விலையா, நிரப்பியதா, எந்தக் குழுவின் போக்கால் நிரப்பியது. எத்தனை சதவீதம் நிரப்பியது என்பதையும் வெளியிட வேண்டும். 2020இல் பெருந்தொற்றால் பல நாடுகளில் களப்பணி நின்றபோது, சில நாடுகள் இப்படிக் குறியிட்டு வெளியிட்டன.

வரையறையிலேயே இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்வேன். ஒரு கடையின் நிரப்புவிலையை வைத்து இன்னொரு கடையின் விலையை நிரப்பக் கூடாது. கடைசியாகக் கிடைத்தது தள்ளுபடி விலை என்றால், அதற்கு முந்தைய வழக்கமான விலையிலிருந்துதான் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் தள்ளுபடி முடிந்த பிறகும் அது கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

* * *

நன்றி. 'இட்டுநிரப்பல்', 'நிரப்புவிலை', 'பழவிலை நீட்டல்' மூன்றையும் ஏற்றுக்கொள்கிறேன். 'பழவிலை நீட்டல்' பதிவில், அரசு நிர்ணயித்த விலை மாறவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் இது பொருந்தும் என்று சேர்க்கிறேன். பருவத்துக்கு மட்டும் வரும் காய்கனிகளுக்கு எத்தனை மாதம் வரை நிரப்பலாம் என்பது தனிக் கேள்வி; அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.