சுவாமிமலை உறவுகள் குழு: யாருக்கு ஓட்டு?

ஞாயிறு, 21 ஜனவரி 2024

கார்த்திக் (நாஷுவா): ஃப்ளோரிடா ஆளுநர் டி சான்டிஸ் அதிபர் போட்டியிலிருந்து விலகிவிட்டார். நாளை மறுநாள் எங்கள் நியூ ஹாம்ப்ஷையரில் பிரைமரி, அதாவது கட்சிகளின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு. குடியரசுக் கட்சி வாக்குச்சீட்டில் இனி டிரம்ப், நிக்கி ஹேலி இருவர்தான் பொருட்டு. இந்தக் குழுவில் யோசனை கேட்டால் சண்டை வரும் என்று தெரிந்தும் கேட்கிறேன்.

மீனாட்சி அத்தை (திருச்சி): இங்கே காலை ஐந்து மணி. பால் காய்ச்சும் முன்பே அமெரிக்க அரசியலா?

ராஜகோபால் பெரியப்பா (கும்பகோணம்): விடு மீனா, நானும் விழித்துத்தான் இருக்கிறேன். கார்த்தி, நீ எந்தக் கட்சியிலும் இல்லையே. கட்சிக்காரன் அல்லாதவன் கட்சியின் வேட்பாளரை எப்படித் தேர்ந்தெடுப்பாய்?

கார்த்திக்: எங்கள் மாநிலத்தில் கட்சி சாராதவராகவே பதிவு செய்துகொள்ளலாம் பெரியப்பா. வாக்காளர்களில் பத்துக்கு நான்கு பேர் அப்படித்தான். சாவடியில் இரண்டு கட்சிச் சீட்டுகளில் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய நிமிடம் அந்தக் கட்சிக்காரன். வெளியே வரும்போது ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் மறுபடியும் எந்தக் கட்சியும் இல்லை.

பெரியப்பா: கெட்டிக்கார ஏற்பாடு. இங்கே விருப்ப மனு, நேர்காணல், பிறகு தலைமை வெளியிடும் பட்டியல். ஆள் நல்லவரா என்ற கேள்வி நம்மிடம் வரும்போதே சின்னம் ஒட்டித்தான் வருகிறது.

கார்த்திக்: அதனால்தான் எனக்கு இந்த ஓட்டு முக்கியம். நவம்பரில் கட்சியைப் பார்த்துத்தான் போடுவார்கள். ஆளை மட்டும் எடைபோட இப்போது ஒரு வாய்ப்பு.

அருண் சித்தப்பா (ஏம்ஸ், அயோவா): அப்படி எடைபோட்ட அழகைத்தான் போன திங்கட்கிழமை எங்கள் அயோவாவின் வேட்பாளர் தேர்வுக் கூட்டத்தில் பார்த்தேனே. ரத்தம் உறையும் குளிரில் பள்ளிக்கூடத்துக்குப் போய் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வேட்பாளருக்காகவும் ஒருவர் எழுந்து பேசினார். பிறகு துண்டுச்சீட்டில் பெயர் எழுதிப் போட்டோம். நான் விவேக் ராமசாமி என்று எழுதினேன். அன்று இரவே அவர் விலகி டிரம்பை ஆதரித்துவிட்டார்!

சுதா (நாஷுவா): பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் என்பதற்காகப் போட்டீர்களா மாமா?

அருண் சித்தப்பா: இல்லை அம்மா. கூட்டத்தில் ஒருவர் அவருடைய மதத்தைப் பற்றிக் கேட்டபோது, ‘நான் இந்து, ஓட்டுக்காக மாற மாட்டேன்’ என்ற பொருளில் நேராகப் பதில் சொன்னார். தேவாலயத்துக்குப் போகும் கூட்டத்தின் முன் அதைச் சொல்லத் துணிவு வேண்டும்.

கார்த்திக்: மதத்தில் நேர்மை, சரி. ஆனால் டிரம்பைப் பற்றி ஒரு வார்த்தையாவது குறை சொன்னாரா? ஆகஸ்டில் மில்வாக்கி விவாதத்தில், டிரம்ப் தண்டிக்கப்பட்டாலும் ஆதரிப்பீர்களா என்று கேட்டதும் முதலில் எழுந்த கைகளில் அவருடையதும் ஒன்று.

அருண் சித்தப்பா: ஹேலியின் கையும் எழுந்தது, நினைவிருக்கட்டும்.

நந்தினி (கொலம்பியா, தென் கரோலினா): வந்துவிட்டேன். ஹேலி எங்கள் மாநில ஆளுநராக இருந்தவர், எங்கள் ஊர் விஷயம், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். 2010-இல் ஆளுநர் பிரைமரியில் நான்கு பேர். ஓட்டுப்பதிவு நெருங்கும்போது இரண்டு ஆண்கள் தங்களுக்கு அவருடன் தொடர்பு இருந்ததாகச் சொன்னார்கள். அவர் மறுத்தார். சீக்கியக் குடும்பத்தில் பிறந்த அவரை ஒரு மாநில செனட்டர் தலைப்பாகையை இழிவுபடுத்தும் வசைச்சொல்லால் திட்டினார். முதல் சுற்றில் 49 சதவீதம் வாங்கினார், அடுத்த சுற்றில் 65.

மீனாட்சி அத்தை: அந்தக் குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் ஏதும் காட்டினார்களா?

நந்தினி: ஜனங்களை நம்பவைக்கும் அளவுக்கு ஒன்றும் வரவில்லை அம்மா. ஆதாரத்தோடு வந்த கதை வேறு. அவருக்கு முன் ஆளுநராக இருந்த மார்க் சான்ஃபோர்ட் 2009-இல் பல நாள்கள் காணாமல் போனார். அப்பலாச்சியன் மலைப்பாதையில் நடக்கப் போயிருக்கிறார் என்றது அலுவலகம். ஆள் இருந்தது அர்ஜென்டினாவில், காதலியின் ஊரில்.

பெரியப்பா: அத்தோடு அரசியல் வாழ்வு முடிந்திருக்குமே.

நந்தினி: முடியவில்லை பெரிய மாமா. 2013-இல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் அதே கட்சி பிரைமரியில் ஜெயித்தார், தேர்தலிலும் ஜெயித்தார். அவரைத் தோற்கடித்தது 2018 பிரைமரி. டிரம்பை விமர்சித்ததுதான் காரணம். ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே டிரம்ப் எதிர்வேட்பாளரை ஆதரித்து ட்விட்டரில் எழுதினார், அர்ஜென்டினாவையும் குத்திக்காட்டினார். அர்ஜென்டினா ஐந்து வருடமாக யாருக்கும் உறுத்தாமல்தான் இருந்தது!

கார்த்திக்: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நேர்மை வேண்டும் என்று எல்லோரும் கணிப்பில் சொல்கிறார்கள். ஆனால் யார் யாரைப் பற்றிப் பொய் சொன்னார் என்று பார்த்துத்தான் தண்டனை தருகிறார்கள்.

அருண் சித்தப்பா: அவ்வளவு எளிதாகத் தீர்ப்புச் சொல்லாதே தம்பி. என் பக்கத்துப் பண்ணைக்காரர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். 2016-இல் டெட் குரூஸுக்குப் போட்டார். மூன்று கல்யாணம் செய்த சூதாட்ட விடுதிக்காரரை எப்படி நம்புவது என்று அப்போது என்னிடமே கேட்டார். இந்த வருடம் அவர் எழுதிய பெயர் டிரம்ப். மாநில ஆளுநரும் பெரிய மதத் தலைவர் ஒருவரும் டி சான்டிஸுக்குத்தான் போடச் சொன்னார்கள். கேட்கவில்லை.

சுதா: ஏனாம்?

அருண் சித்தப்பா: கேட்டேன். 2016-இல் உச்ச நீதிமன்றத்துக்கு இன்னின்னாரை நியமிப்பேன் என்று டிரம்ப் முன்கூட்டியே பட்டியல் வெளியிட்டார். அந்த வகை நீதிபதிகள் மூன்று பேரை நியமித்தார். 2022 ஜூனில் கருக்கலைப்பை உரிமையாக்கிய பழைய தீர்ப்பு ரத்தானது. ஐம்பது வருடம் நல்லொழுக்கச் சீலர்கள் மேடையில் உறுதி சொல்லிவிட்டு ஒன்றும் செய்யவில்லை, இந்த ஆள் செய்தார் என்கிறார். அவருக்கு நேர்மை என்றால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது. தினசரிப் பேச்சில் எத்தனை பொய் என்று அவர் எண்ணுவதே இல்லை.

பெரியப்பா: இது கவனிக்க வேண்டிய வாதம் அருண். கடன் வாங்கியவன் குடிகாரனாக இருந்தாலும் தவணையைத் தவறாமல் கட்டினால் வட்டிக்கடைக்காரருக்கு அவன் நாணயஸ்தன்தான்.

மீனாட்சி அத்தை: நான் முப்பது வருடம் வங்கியில் இருந்தேன் அண்ணா. குடிகாரனுக்குக் கடன் கொடுக்கும் முன் மேலாளரிடம் கேட்பேன்.

நந்தினி: 😄

கார்த்திக்: சித்தப்பா சொல்வதற்கு ஒரு கணக்கும் உண்டு. பிஆர்ஆர்ஐ என்ற நிறுவனம் ஒரே கேள்வியை 2011-லும் 2016-லும் கேட்டது. சொந்த வாழ்க்கையில் ஒழுக்கம் தவறியவர் பதவியில் நேர்மையாக நடந்துகொள்ள முடியுமா என்று. முடியும் என்ற வெள்ளையின எவாஞ்சலிக்கல் கிறிஸ்தவர்கள் முதலில் 30 சதவீதம். ஐந்து வருடத்தில் 72. அந்த ஐந்து வருடத்தில் பைபிள் மாறவில்லை. வேட்பாளர்தான் மாறினார்.

அருண் சித்தப்பா: கிளின்டன் காலத்தில் உங்கள் பக்கத்து ஆட்கள் எதைச் சொன்னார்கள்? 1992-இல் அந்தப் பெண் விவகாரமும் கட்டாய ராணுவச் சேவையைத் தவிர்த்தது பற்றிய கடிதமும் வெளிவந்த பிறகு உங்கள் நியூ ஹாம்ப்ஷையர்தானே அவரைக் காப்பாற்றியது? இரண்டாம் இடம் வந்துவிட்டு மீண்டு வந்தவன் என்று கொண்டாடினாரே!

கார்த்திக்: அப்போது நான் தஞ்சாவூரில் மூன்றாம் வகுப்பு. எனக்குப் பங்கு இல்லை.

பெரியப்பா: என் நினைவில் இருப்பது 1976. வாட்டர்கேட் விவகாரத்தை மறைத்து மாட்டிக்கொண்டு நிக்சன் பதவி விலகிப் போன பிறகு ஜிம்மி கார்ட்டர் ‘உங்களிடம் ஒருபோதும் பொய் சொல்ல மாட்டேன்’ என்று ஊர் ஊராகப் போனார். நியூ ஹாம்ப்ஷையரில் 28 சதவீதம்தான் வாங்கினார், ஆனால் அதுவே முதலிடம். நேர்மைக்குச் சந்தையில் நல்ல விலை கிடைத்த வருடம் அது. அதற்கு முன்னால் ஒருவர் ஊரையே ஏமாற்றியிருக்க வேண்டியிருந்தது.

திங்கள், 22 ஜனவரி

சுதா: ஒரு விஷயம். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு நேற்று ஒரு தொலைபேசி அழைப்பு. அச்சு அசலாக பைடன் குரல். செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போடாதீர்கள், நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிறதாம். கணினியில் செய்த குரலாகத் தோன்றுகிறது என்று இன்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் அறிவித்திருக்கிறது.

மீனாட்சி அத்தை: அட ராமா. இப்போது வேட்பாளர் பொய் சொல்ல அவரே தேவையில்லையா?

நந்தினி: எங்கள் ஊரில் 2000-லேயே நடந்தது அம்மா, இயந்திரம் இல்லாமல். நியூ ஹாம்ப்ஷையரில் குடியரசுக் கட்சிப் பிரைமரியில் புஷ்ஷை நன்றாகத் தோற்கடித்துவிட்டு மெக்கெயின் இங்கே வந்தார். பங்களாதேஷிலிருந்து அவர் தத்தெடுத்த மகளைக் காட்டி, முறைதவறிப் பிறந்த குழந்தை என்று வதந்தி பரப்பினார்கள். தோற்றார்.

பெரியப்பா: அதே தேர்தலில் இன்னொன்றும் உண்டு. உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் கூட்டமைப்புக் கொடி சட்டமன்றத்தின் மேல் பறக்கலாமா என்று கேட்டபோது மெக்கெயின் அது மாநிலத்தின் விருப்பம் என்று நழுவினார். தோற்ற பின் ஏப்ரலில் திரும்பிப் போய், உண்மையைச் சொன்னால் ஜெயிக்க முடியாது என்று பயந்து கொள்கையை விட்டுக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டார். தன் பிரசாரப் பேருந்துக்கே நேர்ப்பேச்சு என்று பெயர் வைத்தவர்.

கார்த்திக்: அதே தூண்டிலில்தான் ஹேலியும் மாட்டினார். டிசம்பரில் எங்கள் மாநிலத்தின் வடக்கே பெர்லின் என்ற சின்ன ஊரில் ஒருவர், உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டார். அரசாங்கம், சுதந்திரம் என்று ஏதேதோ சொன்னார். அடிமை முறை என்ற சொல் வரவில்லை. மறுநாள்தான், சந்தேகமில்லாமல் அடிமை முறைதான் என்றார். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேர் கொல்லப்பட்ட பிறகு அந்தக் கொடியை இறக்கியவரும் இவரே. விடை தெரியாமலா இருந்தார்?

நந்தினி: பதில் சொன்னது உங்கள் ஊரில். காதில் கேட்டது எங்கள் ஊர் ஓட்டு. பிப்ரவரி 24 எங்கள் பிரைமரி.

சுதா: எனக்கு இந்த வகைப் பொய் ஒருவிதத்தில் பரவாயில்லை. தயங்கினார், மறுநாள் திருத்தினார். அதாவது உண்மை என்ன என்று தெரியும், அதை மீறும்போது உடம்பு கூசுகிறது. டிரம்ப் போன தேர்தலில் தானே ஜெயித்ததாக இன்றுவரை சொல்கிறார். ஒரு கூச்சமும் இல்லை.

அருண் சித்தப்பா: அயோவாவில் உள்ளே நுழைந்தவர்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் அதை நம்புவதாகச் சொன்னார்கள் சுதா. அவர்கள் கண்ணில் பொய்யர் நீ சொல்கிற ஆள் அல்ல, மறுக்கிற ஆள். ஹேலியின் தயக்கத்தைத்தான் அவர்கள் வேஷம் என்கிறார்கள். டிரம்ப் தப்பாகச் சொன்னாலும் மனதில் இருப்பதைச் சொல்கிறார் என்பது கணக்கு.

கார்த்திக்: மனதில் பட்டதைச் சொல்வதும் உண்மையைச் சொல்வதும் ஒன்றா சித்தப்பா? கோபத்தில் கத்துகிறவன் எல்லாம் சத்தியவானா?

அருண் சித்தப்பா: நான் ஒன்று என்று சொல்லவில்லை. ஜனங்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள் என்றேன். என்மேல் பாயாதே.

பெரியப்பா: உண்மை பேசியே நின்றவர் யாரும் இல்லையா?

கார்த்திக்: இருந்தார்கள். கிறிஸ் கிறிஸ்டி டிரம்பைத் திட்டியே பிரசாரம் செய்தார். பொய் சொல்லி ஜெயிப்பதைவிட உண்மை சொல்லித் தோற்பேன் என்று 10-ஆம் தேதி விலகினார். அதற்குச் சற்று முன் ஒலிவாங்கி இயங்குவது தெரியாமல் ஹேலி மண்ணைக் கவ்வப்போகிறார் என்று பேசியதும் ஒலிபரப்பானது. அன்றைக்கு அவர் இரண்டு தடவை உண்மை பேசினார்.

அருண் சித்தப்பா: 2016-இல் டிரம்பை முந்திக்கொண்டு ஆதரித்தவரும் அவர்தான். காலம் தாழ்ந்த உண்மை. ஏசா ஹட்சின்சன் இன்னும் சுத்தம், விவாத மேடையில் கை தூக்கவே இல்லை. அயோவா முழுவதும் 191 ஓட்டு.

மீனாட்சி அத்தை: நூறாயிரத்துக்கு மேல் ஓட்டு விழுந்த இடத்திலா? பாவம். சுவாமிமலை கூட்டுறவுச் சங்கத் தேர்தலுக்கு நின்றிருக்கலாம்.

(இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பெரியப்பா: அருண், எதை நீக்கினாய்?

அருண் சித்தப்பா: கார்த்திக்குத் தனியாக அனுப்ப வேண்டியது. ஓட்டு விஷயம் இல்லை.

செவ்வாய், 23 ஜனவரி

கார்த்திக்: எங்கள் மாநிலத்தின் குட்டி ஊர் டிக்ஸ்வில் நாட்ச் நள்ளிரவிலேயே ஓட்டுப்பதிவை முடித்துவிட்டது. ஆறு ஓட்டும் ஹேலிக்கு!

அருண் சித்தப்பா: மீதி மாநிலமும் ஆறு பேராக இருந்தால் நல்லது.

கார்த்திக்: போட்டுவிட்டேன். ஹேலிக்குத்தான். டிரம்ப் நின்றால் நான் நிற்க மாட்டேன் என்று 2021-இல் சொன்னவர் என்பது தெரிந்தே போட்டேன். முழு நம்பிக்கை இல்லை. தேர்தல் முடிவை ஏற்றுக்கொள்வார் என்ற ஒரு நம்பிக்கை மட்டும் உண்டு, எனக்கு இந்த வருடம் அது போதும்.

சுதா: நான் ஜனநாயகக் கட்சிச் சீட்டு வாங்கினேன்.

கார்த்திக்: என்ன? காரில் வரும்போது சொல்லவே இல்லையே!

சுதா: கேட்கவில்லையே. போகவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். கட்சிக்கும் மாநிலத்துக்கும் தேதித் தகராறு, பைடன் பெயர் சீட்டில் இல்லை, கணக்கில் எடுக்க மாட்டோம் என்று கட்சியே சொல்லிவிட்டது. அந்தப் பொய்க் குரல்தான் என்னைக் கிளப்பியது. ஓட்டுப் போடாதே என்று ஒருவன் இவ்வளவு செலவு செய்து சொல்கிறான் என்றால் போட வேண்டும். பேனாவால் பைடன் பெயரை எழுதிவிட்டு வந்தேன்.

மீனாட்சி அத்தை: சபாஷ் சுதா.

அருண் சித்தப்பா: டிரம்ப் 54, ஹேலி 43. குணத்துக்கு முதலிடம் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஹேலிக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அப்படி முதலிடம் கொடுத்தவர்கள் போதவில்லை.

பெரியப்பா: 43 சின்ன எண்ணிக்கை இல்லை அருண்.

அருண் சித்தப்பா: அதில் பாதிக்கு மேல் கார்த்தியைப் போன்ற வாடகைக் குடியரசுக் கட்சிக்காரர்கள் அண்ணா. தென் கரோலினாவில் பார்க்கலாம்.

நந்தினி: எங்களிடம் கட்சிப் பதிவே கிடையாது சின்ன மாமா, நாங்கள் எல்லோருமே வாடகைதான். இங்கே கூட்டம் போட்டால் நேரில் போய்க் கேட்கப்போகிறேன். ஒரே கேள்விதான் அனுமதிப்பார்கள். உள்நாட்டுப் போரா, 2021-இல் சொன்ன வாக்கா?

மீனாட்சி அத்தை: வாக்கைக் கேள். போர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

பெரியப்பா: போரைக் கேள். வாக்கு மாறியதற்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

அருண் சித்தப்பா: விவேக்குக்குத் துணை அதிபர் பதவி கொடுப்பாரா என்று கேள்.

நந்தினி: உங்களை யாரும் கேட்கவில்லை சின்ன மாமா.