பாட்டு மாறும்போது சத்தம் ஏறி இறங்குகிறது: கெயினா, மாஸ்டரா?

தண்டையார்பேட்டை_டெக்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். தண்டையார்பேட்டை, காசிமேடு பகுதிகளில் நடக்கும் வரவேற்புகளிலும் மஞ்சள் நீராட்டு விழாக்களிலும் இரண்டு சேனல் டிஜே கன்ட்ரோலரில் பாட்டு போட்டு வருகிறேன். எண்பதுகளின் சினிமாப் பாட்டு முடிந்து இப்போதைய குத்துப் பாட்டு தொடங்கினால் மண்டபம் அதிர்கிறது. அதிலிருந்து வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு கானாவுக்குப் போனால் சத்தம் படுத்துவிடுகிறது. ஆனால் மீட்டரில் மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தைத்தான் தொடுகின்றன. இப்போதைக்கு மொத்த ஒலியளவுக்கான மாஸ்டரைக் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கிறேன். ஒவ்வொரு பாட்டுக்கும் தனியாக வைக்கும் அளவான கெயினை மென்பொருளே சரிசெய்யும் ஆட்டோ கெயினை நம்பலாமா?

ராயபுரம்_மிக்சர்:
மாஸ்டரில் கை வைக்காதீர்கள், தம்பி. அது மண்டபத்துக்கான அளவு, பாட்டுக்கான அளவு அன்று. மீட்டர் பெரும்பாலும் உச்சத்தைக் காட்டுகிறது. காதுக்குச் சத்தமாகப் படுவது சராசரி. பழைய பாட்டில் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி அதிகம். தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்த பாட்டுகள் பலவற்றில் அந்த இடைவெளியை அழுத்திச் சுருக்கிவிட்டார்கள். அதனால்தான் உச்சம் ஒன்றாக இருந்தும் புதிய பாட்டு பெரிதாகக் கேட்கிறது.

பாட்டை வெளியே விடும் ஃபேடரைத் திறப்பதற்கு முன்பே அடுத்த பாட்டின் கெயினை ஹெட்போனில் சரிசெய்துவிட வேண்டும். முன்னிசையை வைத்து அளவு பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மேளம் முழுதாக இறங்கும் இடத்துக்குப் பாட்டை நகர்த்தி, ஈக்யூ குமிழ்கள் (பேஸ் என்னும் அடி ஒலி, நடு ஒலி, மேல் ஒலி) மூன்றையும் நடுவில் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு பாட்டுகள் சேர்ந்து ஒலித்தால் மொத்தம் சுமார் 3 டெசிபெல் கூடும். இரண்டின் கிக் டிரம் அடியும் ஒரே நொடியில் ஒத்து விழுந்தால் அந்த இடத்தில் 6 வரை போகலாம். ஆகவே ஒரு பாட்டு தனியாக ஓடும்போதே மீட்டர் சிவப்பைத் தொட்டால், கலக்கும் நேரத்தில் ஒலி உடையத்தான் செய்யும். பச்சை முடிந்து ஆரஞ்சு எட்டிப் பார்க்கும் அளவே போதும். கலக்கும்போது புதிய பாட்டின் பேஸை அடைத்து வைத்து, பழையதின் பேஸை இறக்கும் அதே அடியில் இதைத் திறந்துவிடுங்கள்.

பெரம்பூர்_டேப்:
மேலே சொன்னது சரி. ஆட்டோ கெயினை முழுதாகத் தள்ளவும் வேண்டாம். டிஜே மென்பொருள்களான செராட்டோவும் ரெக்கார்ட்பாக்ஸும் பாட்டை முன்கூட்டியே ஆராய்ந்து ஒரு கெயின் அளவைக் குறித்து வைத்துக்கொள்கின்றன. 2001இல் முன்வைக்கப்பட்ட ரீப்ளேகெயின் என்ற முறையும் அதே வகையைச் சேர்ந்ததுதான். சினிமாப் பாட்டுக்குச் சினிமாப் பாட்டு என்றால் அது பெரும்பாலும் கைகொடுக்கும்.

கானாவில்தான் இது சறுக்கும். தாளமே இல்லாமல் நாலைந்து வரிகளை இழுத்துப் பாடிவிட்டுத் தாளத்துக்கு வரும் பாட்டுகள் உண்டு. பாதிப் பாட்டு அப்படி மெல்லப் போனால் சராசரி குறைந்து, மென்பொருள் கெயினை ஏற்றிவிடும், பிறகு டோலக் விழும் இடத்தில் காது கிழியும். மேலும் செல்போனில் பதிவான கானாவில் அடிநாதம் ஏறக்குறைய இருக்காது. இல்லாத பேஸுக்காகக் கெயினைக் கூட்டினால் குரல்தான் ஈட்டிபோல் குத்தும். அதற்கு முந்தைய பாட்டின் கடைசி அரை நிமிடத்தில் அதன் பேஸை மெதுவாகத் தணித்து வாருங்கள். மாறும்போது பள்ளம் தெரியாது.

கொருக்குப்பேட்டை_ஆம்ப்:
ஸ்பீக்கர் பக்கம் நிற்பவனாக ஒரு வார்த்தை. ஒலி வரம்பு மீறாமல் தடுக்கும் லிமிட்டர் இருக்கிறதே என்று சிவப்பில் ஓட்டாதீர்கள். கன்ட்ரோலரிலேயே உடைந்த ஒலியை லிமிட்டரால் ஒட்டவைக்க முடியாது. அப்படியே நெடுநேரம் ஓட்டினால் மேல் ஒலிக்கான ட்வீட்டர் எரியும், செலவு எங்கள் தலையில். நேரம் ஆக ஆகக் காது மரத்துப்போய், நம்மை அறியாமலே அளவு ஏறிக்கொண்டே போகும். தொடக்கத்தில் மாஸ்டர் நின்ற இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டால் எவ்வளவு ஏறியிருக்கிறோம் என்பது பார்த்ததும் தெரியும். ஸ்டான்லி மருத்துவமனைப் பக்கம் என்றால் இன்னும் கவனம் தேவை: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம்.

தண்டையார்பேட்டை_டெக்:
மூவருக்கும் மிக்க நன்றி. கெயின் தவறாக அமைந்துவிட்டது என்பது பாட்டு வெளியே போன பிறகு தெரிந்தால், ஓடும்போதே திருத்தலாமா?

ராயபுரம்_மிக்சர்:
தாராளமாகத் திருத்தலாம். பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும் இடத்தில், நாலைந்து தாள வட்டங்களுக்குள் சிறிது சிறிதாகத் திருப்புங்கள். குரல் போய்க்கொண்டிருக்கும்போது திருப்பினால் ஆடுபவர்களுக்குக்கூடத் தெரிந்துவிடும்.