தைத்து ஒட்டும் மரப்படகு: வேலை எங்கே சொதப்புகிறது?

இழைப்புளி:
பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, மூலைகளை எபாக்சியால் (ரெசினும் ஹார்ட்னரும் கலந்தால் இறுகும் பசை) ஒட்டுவதுதான் இந்த முறை. மொட்டை மாடியில் இரண்டு பிளைவுட் ஷீட்டில் எட்டடிப் படகு கட்டப் போகிறவர்கள் முதலில் மாடிப்படித் திருப்பத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள். நாலடி அகலம் அந்தத் திருப்பத்தில் சிக்கினால் மொட்டை மாடியிலிருந்து கயிறு கட்டித்தான் இறக்க வேண்டும்.

பிளைவுட் 6 மி.மீ., ஐ.எஸ். 710 (படகுக்கான தரம்) முத்திரை போட்டது. 303 என்றிருந்தால் அலமாரிக்கு வைத்துக்கொள்ளலாம். முத்திரை இருந்தாலும் உள்ளங்கை அளவு துண்டை நாலைந்து மணி நேரம் கொதிக்க வைத்து, காய வைத்து, மறுபடியும் கொதிக்க வையுங்கள். அடுக்கு பிரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். வெட்டிய ஓரத்தில், நடு அடுக்கில் சந்து தெரிந்தாலும் வேண்டாம், தண்ணீர் அது வழியாகத்தான் ஓடும்.

பக்கப் பலகை இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக கிளாம்ப் போட்டு ஒரே வெட்டாக வெட்டுங்கள். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு, பிறகு இழைத்துக் கொண்டுவரலாம்.

உப்பங்கழி:
பலகையைத் தைப்பது நம் கரைக்குப் புதிதில்லை, சோழமண்டலக் கரையின் பழைய மசூலாவே கயிற்றால் தைத்த படகுதான். 1962-ல் இங்கிலாந்தில் வடிவமைத்த மிரர் டிங்கி என்ற சின்னப் பாய்மரப் படகு வந்தபிறகு செம்புக் கம்பித் தையல் வீட்டுத் தச்சுக்குப் பழகிவிட்டது.

ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே, 150 மி.மீ. இடைவெளியில் 2 மி.மீ. துளை. அணியத்தில் (படகின் முன்முனை) வளைவு அதிகம், அங்கே 75-க்கு ஒன்று. எல்லாத் தையலையும் தளர்வாகப் போட்டு முடித்த பிறகே முறுக்குங்கள். முதல் தையலையே இறுக்கிக்கொண்டு போனால் கடைசியில் பின்பலகை பொருந்தாது.

ஒட்டுவதற்கு முன் முன்னும் பின்னும் குறுக்கே நேரான ரீப்பர் ஒவ்வொன்றை வைத்து, பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் படகு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மூலைக்கு மூலை கயிறு கட்டி இழுத்தால் சரியாகும். ஒட்டியபின் எந்தக் கயிறும் உதவாது.

ரெசின் வாளி:
எபாக்சியில்தான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். எல்.ஒய். 556 ரெசின், எச்.ஒய். 951 ஹார்ட்னர் ஜோடிக்கு 100 கிராம் ரெசினுக்கு 10 கிராம் ஹார்ட்னர். இது எடைக் கணக்கு. ஹார்ட்னர் எடை குறைந்த திரவம் என்பதால் மூடியால் பத்துக்கு ஒன்று அளந்தால் ஹார்ட்னர் குறைந்து, நாள் கணக்கில் பிசுபிசுக்கும். சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பாலியெஸ்டர் ரெசின் பழக்கத்தில் 'ரெண்டு சொட்டு கூட விட்டால் சீக்கிரம் இறுகும்' என்று விடாதீர்கள், இதில் அது வேலைக்கு ஆகாது.

ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்க வேண்டாம். நம் வெயிலில் கிண்ணத்திலேயே சூடேறிப் புகையும். கலந்ததும் தட்டையான தட்டில் பரப்பிவிடுங்கள்.

முதல் பூச்சைக் காலையில் அடித்தால் வெயில் ஏறும்போது மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாக வெளியே வரும். சாயங்காலம், சூடு இறங்கும் நேரத்தில் அடியுங்கள். மறுநாள் மேலே மெழுகுபோலப் படலம் இருந்தால் வெறும் தண்ணீரும் ஸ்கிரப்பரும் போட்டுக் கழுவிய பிறகே உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் படலம் மரத்தோடு அப்பிக்கொண்டு அடுத்த பூச்சு உரியும்.

பலகைகள் சேரும் உள்மூலைக்கு எபாக்சியில் சிலிக்கா பொடியும் சலித்த மரத்தூளும் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதம். குழம்புக் கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பு. அது முழுக்க இறுகும் முன்பே 75 மி.மீ. அகல ஃபைபர் டேப்பை அதன்மேல் ஒட்டுங்கள்.

இழைப்புளி:
தைத்த கம்பியை உருவும்போது எபாக்சியில் சிக்கிக்கொண்டால் சால்டரிங் அயர்னை அதன்மேல் அரை நிமிடம் வையுங்கள். எபாக்சி இளகும், இடுக்கியால் உருவலாம். துடுப்புக் கொக்கிக்குத் துளை போடும்போது பெரிதாகப் போட்டு, எபாக்சியால் அடைத்து, அதன் நடுவில் மறுபடி துளையிடுங்கள். திருகாணி மரத்தைத் தொடவே கூடாது.