ஆய்வக அனுபவம் இல்லாமல் நரம்பறிவியல் பிஎச்.டி.: நேரே விண்ணப்பமா, போஸ்ட்பாக்கா?

கேள்வி (மாணவர் ஆலோசகர்):
அமெரிக்காவில் சிறு கல்லூரியில் உளவியல் முடித்த மாணவி. குடும்பத்தில் முதல் பட்டதாரி, அமெரிக்கக் குடியுரிமை உண்டு. ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) நான்குக்கு 3.2. கல்லூரியில் ஆய்வகமே கிடையாது. எப்படி வழிகாட்டுவது?

பதில் 1:
போஸ்ட்பாக்தான்; அதாவது இளநிலைப் பட்டத்துக்கும் பிஎச்.டி.க்கும் இடையே ஆய்வகத்தில் பெறும் பயிற்சி. 3.2 பெரிய தடையில்லைங்க. ஆய்வுத்திறனுக்குச் சாட்சி சொல்ல ஆளில்லாததுதான் தடை. மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். ‘வகுப்பில் நன்றாகப் படித்தார்’ என்ற கடிதம் எடுபடாது. என்.ஐ.எச்.சின் (அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனம்) ப்ரெப் என்ற போஸ்ட்பாக் திட்டத்தில் முக்கால் நேரம் ஆய்வு, மீதி பாடமும் விண்ணப்பத் தயாரிப்புமாக இருந்தது.

பதில் 2:
2025இல் என்.ஐ.எச். இப்படிப்பட்ட பயிற்சித் திட்டங்கள் பலவற்றை நிறுத்திவிட்டது. பழைய இணையப் பக்கங்களை நம்பாமல் பல்கலைக்கழகத்திடமே கேளுங்கள். ஆய்வகத்தில் சம்பளத்துக்கு டெக்னீஷியனாகச் சேர்வதும் நல்ல வழி.

எதுவானாலும் காலக்கணக்கில்தான் இடிக்கும். ஜூனில் சேர்ந்தால் டிசம்பர் தொடக்கத்திலேயே பல இடங்களில் கெடு. விலங்கு ஆய்வுக்கான பயிற்சியும் அனுமதியும் முடிந்து, எலிக்கு மூளை அறுவை செய்யக் கை பழகுவதற்குள் இலையுதிர்காலம் வந்துவிடும். கையில் ஆய்வு முடிவைக் காட்டும் ஒரு வரைபடம்கூட இருக்காது. அதனால் முதல் வேலையாக, ஏற்கெனவே எடுத்துவைத்த கால்சியம் இமேஜிங் (நரம்பணுக்களின் செயல்பாட்டை ஒளியால் படம்பிடிக்கும் முறை) தரவை பைத்தான் நிரல்மொழியில் அலசும் சிறு கேள்வி ஒன்றைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு வருடம் இருந்து, இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிக்கட்டும்.

பதில் 3:
விண்ணப்பக் கட்டண விலக்கை விண்ணப்பம் அனுப்பும் முன்பே கேட்க வேண்டும். பத்து இடம் என்றால் செலவு சாதாரணமில்லை. ஜி.ஆர்.இ. நுழைவுத் தேர்வு பெரும்பாலான இடங்களில் வேண்டாம். நேர்காணலில் பலர் தடுமாறுவது, ‘உங்கள் சோதனையில் கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்வது) எது, ஏன் அது?’ என்ற கேள்வியில். மாதம் ஒருமுறை ஆய்வகக் கூட்டத்தில் பேசவைத்தால் அந்தத் திணறல் போய்விடும்.