மாநாட்டுக்குப் போய் யாரிடம் என்ன பேசுவது?

கூச்சக்காரன்:
சர்வதேசப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக ஐபி டிப்ளமோ (இன்டர்நேஷனல் பேக்கலோரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) வேதியியல் எடுக்கிறேன், இது மூன்றாவது வருடம். வருடத்துக்கு ஒரு நிகழ்ச்சிக்குத்தான் பள்ளி பணம் தரும். போன வருடம் ஒரு பெரிய மாநாட்டுக்குப் போனேன், இரண்டு நாளும் மேடைப் பேச்சு கேட்டேன், காபி இடைவேளையில் போனை நோண்டிக்கொண்டு ஓரமாக நின்றேன், பத்து விசிட்டிங் கார்டுடன் திரும்பினேன். அதில் ஒருவரிடமும் அப்புறம் பேசவில்லை. இந்த முறை ஐபி வொர்க்‌ஷாப்பா, வட்டார மாநாடா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:
எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேதியியல் என்றால் 2025 தேர்விலிருந்து புதிய பாடத்திட்டம், இன்டர்னல் அசெஸ்மென்ட், அதாவது மாணவர் செய்யும் ஆய்வறிக்கைக்கு நாமே போடும் மார்க், 20 சதவீதம், அறிக்கை 3,000 வார்த்தைக்குள். அதைத் திருத்துவதில்தான் உங்களுக்குத் தடுமாற்றம் என்றால் யோசிக்கவே வேண்டாம், வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள். ஆனால் கேட்டகிரி 1 போடாதீர்கள், அது புதிதாக வருபவர்களுக்கு. உங்களுக்கு 2. ஒரே பாடம் எடுப்பவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே மாணவர் அறிக்கைக்கு மார்க் போட்டு, நீ ஏன் 4 போட்டாய் நான் ஏன் 2 போட்டேன் என்று சண்டை போடும்போது வரும் பழக்கம் இருக்கிறதே, அது எந்தக் காபி இடைவேளையிலும் வராது.

வட்டார மாநாடு வேறு கதை. அந்தந்த வட்டாரத்துச் சர்வதேசப் பள்ளிகளின் கூட்டமைப்பு நடத்துவது. கிழக்காசியாவுக்கு இயர்காஸ், மத்திய கிழக்குக்கும் தெற்காசியாவுக்கும் நீசா, ஆப்பிரிக்காவுக்கு ஐசா, ஐரோப்பாவில் 1965 முதல் இசிஐஎஸ். இயர்காஸ் வருடத்துக்கு இரண்டு நடத்தும், ஒன்று ஆசிரியர்களுக்கு, இன்னொன்று தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு. தெரியாமல் இரண்டாவதில் பதிவு செய்துவிட்டு முதல்வர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழித்தவன் நான். எங்கே போனாலும் நிகழ்ச்சி நிரலில் ஜாப்-அலைக் என்று இருக்கிறதா பாருங்கள், ஒரே வேலை செய்பவர்களை ஒன்றாக உட்காரவைப்பார்கள். மேடைப் பேச்சைத் தவறவிட்டாலும் அதைத் தவறவிடாதீர்கள்.

ஏழு நிமிடம்:
கூச்சம் என்றால் நீங்களே ஒரு அமர்வு நடத்துங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். பேசுபவனைத் தேடி ஆட்கள் வருவார்கள், நாம் போய் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியதில்லை. முன்மொழிவை மாதக்கணக்கில் முன்னாடியே கேட்பார்கள், நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் போச்சு. அவ்வளவு தைரியம் இல்லையென்றால் டீச்மீட் என்கிற ஆசிரியர் சந்திப்பில் ஆரம்பிக்கலாம். 2006-ல் ஸ்காட்லாந்தில் தொடங்கியது, ஏழு நிமிடப் பேச்சு, அல்லது வெறும் இரண்டு நிமிடம். எட்கேம்ப் என்கிற ஆசிரியர் கூட்டம் இன்னும் எளிது, காலையில் கூடித்தான் அன்றைய தலைப்புகளையே முடிவு செய்வார்கள், பிடிக்காவிட்டால் பாதியில் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சூட்கேஸ்:
ஒன்று சொல்ல வேண்டும். வேலை தேடுவதற்காகப் போவதாக இருந்தால் மாநாடு அதற்கான இடம் இல்லை, சர்ச் அசோசியேட்ஸ் (Search Associates) மாதிரி ஆசிரியர்களுக்கு வேலை பிடித்துத் தரும் நிறுவனங்கள் நடத்தும் வேலைச் சந்தை தனி. நான் மாநாட்டில் இன்னொரு பள்ளி முதல்வரிடம் வேலை பற்றிப் பேசிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே எங்கள் முதல்வர், கையில் சமோசாவுடன். அதைவிட மோசம், இரண்டு வருடத்துக்குள் விலகினால் பயிற்சிச் செலவில் பாதியைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, விலகும்போதுதான் படித்தேன். நீங்கள் முதலிலேயே படியுங்கள்.

சிவப்பு மை:
பள்ளிப் பணத்தை மட்டுமே ஏன் நம்ப வேண்டும்? ஐபி எக்ஸாமினராக, அதாவது ஐபி தேர்வுத் தாள் திருத்துபவராக விண்ணப்பியுங்கள் நண்பரே. வீட்டிலிருந்தே திரையில் திருத்தலாம், காசும் வரும். அனுபவம் கேட்பார்கள், இப்போது இல்லாவிட்டாலும் அடுத்த வருடம் பாருங்கள். அப்புறம் அந்தப் பத்துக் கார்டு விஷயம், பத்துப் பேர் எதற்கு? ஒருவருக்கு அன்றிரவே மெயில் போடுங்கள், "உங்கள் டைட்ரேஷன் வொர்க்‌ஷீட் அனுப்ப முடியுமா" என்று. சும்மா வணக்கம் சொன்னால் பதில் வராது, ஒரு பொருளைக் கேட்டால் வரும்.

கூச்சக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கேட்டகிரி 2-க்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தத்தையும் எடுத்துப் பார்த்தேன், அந்த வரி எனக்கும் இருக்கிறது, நல்லவேளை ஒரு வருடம்தான். சமோசா முதல்வர் கடைசியில் என்ன சொன்னார், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?