காலையில் தவறாமல் ஹேங் ஆகும் கணினி

ஜார்ஜ்டவுன்:
எப்போதாவது ஹேங் ஆகும் கணினிக்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். தினமும் ஒரே நேரத்தில் ஹேங் ஆனால், பின்னணியில் ஏதோ ஒரு பணி அந்த நேரத்துக்கு எழுந்துகொள்கிறதா என்று பாருங்கள். பினாங்கில் ஜார்ஜ்டவுனின் லெபோ பாசார் தெருவில் சின்னம்மாவுக்குத் துணிக்கடை. காலையில் முதல் சில பில் நன்றாக வரும், அப்புறம் கணினி நின்றுவிடும். மவுஸ் அம்பு நகரும், எதை அழுத்தினாலும் திறக்காது. தீபாவளிக் கூட்டத்தில் சின்னம்மா கையால் பில் எழுதினார். பழுது பார்க்க வந்தவர் புதுக் கணினி வாங்கச் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

கணினியில் என்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் சிபியு சும்மா இருந்தது, ரேமும் மிச்சம். டிஸ்க் மட்டும் 100%. குறித்த நேரத்தில் பணிகளை ஓட்டும் டாஸ்க் ஷெடியூலரில் வரலாற்றுப் பதிவு அணைந்தே இருக்கும். அதை இயக்கிவிட்டு மறுநாள் பார்த்தேன். அந்தப் பதிவில் 100 என்ற எண் பணி தொடங்கியதைக் காட்டும், 102 முடிந்ததை. நின்ற நிமிடத்தில் இருந்த 100, பில் மென்பொருளின் பேக்அப், அதாவது கணக்கை நகலெடுத்து வைக்கும் பணி. அதை நள்ளிரவுக்கு வைத்திருக்கிறார்கள், அப்போது கடையே பூட்டியிருக்கும். தவறிய பணியைப் பிறகு ஓட்டும்படி டிக் போட்டிருந்ததால் காலையில் ஓடியது. அதுவும் கணினி எழுந்து சுமார் 10 நிமிடம் கழித்துத்தான் தொடங்கும். முதல் பில்கள் தப்பியது அதனால்தான்.

கடை மூடும் நேரத்துக்கு மாற்றி, அந்த டிக்கையும் எடுத்துவிட்டேன். பேக்அப்பையே நிறுத்தச் சொன்னவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், கணக்கு போனால் திரும்ப வராது.

பிரிக்ஃபீல்ட்ஸ்:
அண்ணா, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கணக்கு அலுவலகத்தில் கணினி இந்த நேரத்தில்தான் நிற்கும் என்றே இல்லை. வரிப் படிவ சீசனில் வாடிக்கையாளரிடம் பேசிவிட்டுத் திரும்பினால் மடிக்கணினி நின்றிருக்கும். விண்டோஸின் தானியங்கிப் பராமரிப்பு அதிகாலை 2 மணிக்கு இருக்கிறது. அது தவறினால், கணினி சும்மா இருக்கும் நேரம் பார்த்து ஓடுமாம். பழைய ஹார்ட் டிஸ்க், நாம் விசையைத் தொட்டாலும் உடனே விடாது. அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் மாற்றினோம். பணிகள் இப்போதும் ஓடுகின்றன, யாருக்கும் தெரிவதில்லை. விண்டோஸின் வைரஸ் தேடும் டிஃபெண்டர் ஸ்கேனை மட்டும் நாங்கள் தொடவே இல்லை.

ஜார்ஜ்டவுன்:
சரியாகச் செய்தீர்கள் சிஸ்டர். மின்சாரம் செருகியிருந்தால்தான் அந்தப் பராமரிப்பு ஓடும். பகலில் எப்போதும் சார்ஜரிலேயே வைத்திருந்தீர்களா?

பிரிக்ஃபீல்ட்ஸ்:
ஆமாம், நாள் முழுக்க.