மறு: ஃப்ரண்ட் ஃபோர்க் – முன்கவை, குழலாட்டம், கழுத்தாட்டம்

அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார்சைக்கிள் பராமரிப்புக் குறிப்புத்தாளுக்கான சொற்களில் ஃப்ரண்ட் ஃபோர்க் பகுதிதான் இழுபறியாக நிற்கிறது. அதாவது, முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் இரண்டு கால்கள்; ஒவ்வொரு காலிலும் ஒரு குழல் இன்னொன்றுக்குள் நுழைந்து சறுக்கும், உள்ளே ஸ்பிரிங்கும் எண்ணெயும் இருக்கும். வந்த மடல்களுக்கு வரிவாரியாக என் கருத்து கீழே.

> ஃபோர்க்கைக் ‘கவட்டை’ என்றே சொல்லலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணே. ஆனால் கால் இடுக்குக்கும் அதே பெயர். சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறையில் நின்று யாரும் கூசாமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டாமா? அதே வேரில் ‘கவை’ இருக்கிறது. முள்ளைத் தள்ளுகிற கவைக்கோலை ஊர்ப்பக்கம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். பட்டறைகளில் சீன அங்கிள்மார் நிறைய. மாண்டரினிலும் இதற்கு ‘சியென் சா’ என்றுதான் பெயர். சியென் என்றால் முன், சா என்றால் கவை. ஆகவே ‘முன்கவை’.

> புணர்ச்சி விதிப்படி ‘முற்கவை’ என்றல்லவா வரவேண்டும்?

விதி அப்படித்தான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் வண்டி ஓட்டுகிறவர் வாயில் முன்சக்கரம், முன்பக்கம் என்றே வருகிறது. முற்பக்கம் என்று யாரும் சொல்வதில்லை. உள்ளே நுழையும் குழலுக்கு நாம் வைத்த ‘உட்குழல்’ உறுத்தவில்லை, உட்புறம், உட்பகுதி பழகிவிட்டதால். இந்த இடத்தில் காதுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

> உட்குழல், வெளிக்குழல் என்பதைவிட மேற்குழல், கீழ்க்குழல் எளிது.

இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோரில் குரோம் பூசிய குழல் மேலே இருக்கிறது. கேடிஎம் டியூக் 200-இல் முன்கவை தலைகீழாக மாட்டப்பட்டிருப்பதால் குரோம் குழல் கீழே, அச்சோடு சேர்ந்திருக்கிறது. ‘மேற்குழலில் துரு இருக்கிறதா பாருங்கள்’ என்று எழுதினால் டியூக் வைத்திருப்பவர் தவறான குழலைத் துடைத்துக்கொண்டிருப்பார். எதற்குள் எது நுழைகிறது என்பது இரண்டு வண்டியிலும் மாறாது. சொல் அதைத்தான் பிடிக்க வேண்டும்.

> கோன்செட் போனாலும் புஷ் போனாலும் ‘ஆட்டம்’தானே? எதற்கு இரண்டு சொல்?

இதற்காகத்தான் இந்த மடலையே எழுத உட்கார்ந்தேன். கோன்செட் என்பது கைப்பிடி திரும்பும் கழுத்தில் குண்டுகள் ஓடும் தாங்கி. புஷ் என்பது உட்குழலுக்கும் வெளிக்குழலுக்கும் இடையில் இருக்கும் வளையம். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைத்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பழுது இரண்டில் எதுவாக இருந்தாலும் கையில் படும் உணர்வு ஏறக்குறைய ஒன்றுதான். வெறுமனே ‘ஆட்டம்’ என்றால் பட்டறையில் கோன்செட்டை மாற்றிவிடுவார்கள். பணம் கொடுத்து வண்டியை எடுத்து வந்தால் சத்தம் அப்படியே இருக்கும்.

எனவே ‘கழுத்தாட்டம்’, ‘குழலாட்டம்’ என்று இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் பின்பக்கத்தை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கட்டும். இன்னொருவர் முன்கவையின் கீழ்முனைகளைப் பற்றி முன்னும் பின்னும் இழுக்கட்டும். சட்டத்தின் கழுத்தும் முன்கவையைப் பிடித்திருக்கும் கிளாம்பும் சேரும் இடத்தில் விரல் வைத்தால் அசைவு தெரிகிறதா? அது கழுத்தாட்டம். அங்கே அசைவில்லாமல், உட்குழல் வெளிக்குழலுக்குள் நுழையும் விளிம்பில் விரலுக்கு அசைவு தட்டுப்பட்டால் குழலாட்டம். கைப்பிடியை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல் நின்றால் அதுவும் கழுத்தின் கோளாறே: குண்டுகள் ஓடும் தடத்தில் குழி விழுந்திருக்கும். குழலாட்டத்துக்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது.

குழலாட்டத்துக்குக் காரணமான ‘புஷ்’ஷுக்குச் ‘சறுக்கு வளையம்’ என்று இடலாம். கழற்றிப் பார்த்தால் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு நிறம் வெளியே தெரியும். வடித்த எண்ணெயில் உலோகத் துகள் மினுங்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும், முன்கவையின் இரண்டு காலிலும். எண்ணெயை மட்டும் கெட்டியாக ஊற்றிச் சமாளிக்கலாம் என்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

> ஆயில் சீல் = எண்ணெய் அடைப்பு?

வேண்டாம். எண்ணெய்ப் பாதை அடைத்துக்கொண்டது என்று பொருள்படும். ‘எண்ணெய்க் காப்பு வளையம்’, அதன் மேலிருப்பது ‘புழுதி வளையம்’. கசிவைப் பார்த்ததும் வளையத்தைக் குறைசொல்ல வேண்டாம் என்றும் குறிப்புத்தாளில் இருக்கட்டும். சில சமயம் உட்குழலைத் தொடும் வளையத்தின் உதட்டில் மண் சிக்கியிருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை நுழைத்துச் சுற்றி வழித்தால் கசிவு நின்றுவிடும். உட்குழலில் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால், புதிய வளையம் போட்டாலும் அந்தக் குழியின் விளிம்பே அதைக் கிழித்துவிடும். நம் மழைக்கும் ஈரக்காற்றுக்கும் இது சாதாரணம், அதிலும் ஜொகூரிலிருந்து தினமும் கடற்பாலம் தாண்டி வருகிறவர்களின் வண்டிகளில். இந்தக் குழிக்கு ‘துருக்குழி’ போதும். கசிந்த எண்ணெய் பிரேக் தட்டில் இறங்கினால் பிரேக் பிடிக்காது. சிங்கப்பூரில் 3 ஆண்டு கடந்த மோட்டார்சைக்கிளுக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டுதான், ஆனால் அதுவரை இதைத் தள்ளிப்போடக் கூடாது.

> எண்ணெய் அளவு?

எத்தனை மில்லி என்பதோடு ‘எண்ணெய் மட்டம்’ என்றும் எழுத வேண்டும். ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, குழலை முழுதும் உள்ளே அமுக்கி, குழலின் மேல்விளிம்பிலிருந்து எண்ணெய்ப் பரப்பு வரை அளப்பது அது. எண் வண்டிக்கு வண்டி மாறும். சொல் ஒன்றாக இருக்கட்டும்.

ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ‘டேம்பிங்’குக்கு நான் ‘தணிப்பு’ப் பக்கம். தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல் பாணியில் ‘தடையுறு’ என்று வைத்தால் பட்டறையில் எடுபடாது. மறுப்பு உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை படங்களில் பெயர் பொறிக்கத் தொடங்குகிறேன்.